தோட்டை அடகு வைத்துப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முதல் மூன்று பக்கமும் வீட்டுச் சங்கதி. மழை ஏமாற்றியது, மல்லி விலை இறங்கியது, மகளுக்குப் பேறுகாலம் சுகமாக முடிந்தது, பேத்திக்கு இப்போது எட்டு மாதம். நாலாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருகிறார். 2018-ல் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லாப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. மகளிர் குழுவின் வரவு செலவுக் கணக்கு அதில்தான். பேத்தி பிறந்த நாளிலிருந்து எடுத்த போட்டோக்களும் அதில்தான். காலமான மாமனாரின் குரல்கூட ஒரு மூலையில் பதிவாகி இருக்கிறதாம்.

2025 கடைசியிலிருந்து அதைத் திறந்தாலே, 'உங்கள் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வந்து நிற்கிறது. டவுனில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினாராம். "இதுல புது விண்டோஸ் ஏறாதும்மா. பழசு காலாவதி ஆயிருச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிருங்க, 40,000 ரூபாய்க்குள்ள முடிச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டார்கள். 'வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. என் தோட்டை அடகு வைத்து வாங்கிவிடலாமா, அக்கா?' என்று கேட்டு முடித்திருக்கிறார்.

வேண்டாம், சகோதரி. தோடு காதிலேயே இருக்கட்டும். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். இதே கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் இருக்கிறது என்பதால் மற்றவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள்.

முதலில் இந்த விண்டோஸ் என்பது என்ன? நீங்கள் நாலு நாள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு இருக்கிறது, அரிசி இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. ஆனாலும் வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வாய் காப்பி கிடைக்காது! எது எங்கே இருக்கிறது, யாருக்கு எப்போது என்ன கொடுக்க வேண்டும், வாசலில் வந்து நிற்பவரை உள்ளே விடலாமா கூடாதா என்பதெல்லாம் தெரிந்த ஆள் ஊரில் இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளே அந்த ஆள்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். விண்டோஸ் அதில் ஒரு வகை. பெட்டி வேறு, அதை நடத்துகிற ஆள் வேறு. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. காலாவதி ஆனது ஆள்தான், பெட்டி அல்ல.

அதுவும்கூட மருந்து காலாவதி ஆகிற மாதிரி அல்ல. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-ந் தேதி. அதற்குப் பிறகு மாதாமாதம் மைக்ரோசாப்ட் கம்பெனி அதில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைத்து அனுப்பிக் கொண்டிருந்தது. தானியம் வைத்திருக்கும் வீட்டில் எலி வளை தோண்டத் தோண்ட நாம் மண் குழைத்து அடைப்பதில்லையா, அது போல. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அந்தப் பொது சேவையை நிறுத்திவிட்டார்கள். வீடு நிற்கிறது, கூரை ஒழுகவில்லை. ஆனால் இனி எலி புதிதாகத் தோண்டுகிற வளையை அடைக்க ஆள் வராது.

'எங்கள் வீட்டுக் கணக்கை எந்த எலி வந்து தின்னப்போகிறது?' என்று சிலர் கேட்கலாம். 2017 மே 12-ந் தேதி நடந்ததைக் கேளுங்கள். வான்னாக்ரை என்ற ஒரு நச்சு நிரல் ஒரே நாளில் உலகமெங்கும் பரவி, கம்ப்யூட்டர்களில் இருந்த கோப்புகளையெல்லாம் பூட்டிப் போட்டுவிட்டுத் திறந்துவிடப் பணம் கேட்டது. இங்கிலாந்து அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் நோயாளிகளின் விவரத்தைத் திறந்து பார்க்க முடியவில்லை. நாள் குறித்திருந்த ஆபரேஷன்களைத் தள்ளி வைத்தார்கள். ஆம்புலன்ஸ்களை வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்னதாகவே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போட்டுக் கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் பெரும்பாலும் மாட்டின. அந்த நிரல் ஆஸ்பத்திரி என்று பார்த்துத் தேடி வரவில்லை. திறந்து கிடந்த வாசலில் எல்லாம் நுழைந்தது. பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற பெட்டியை அடைப்பில்லாமல் வைத்திருப்பது நல்லதல்ல என்று சொல்வது இதனால்தான்.

ஒரு கல்யாணத்துக்காக அருப்புக்கோட்டை வரை போக வேண்டியிருந்தது. வந்ததுதான் வந்தோம் என்று திருச்சுழி பஸ் ஏறி அந்தச் சகோதரி வீட்டுக்கே போய்விட்டேன். வழி நெடுகக் கரிசல், சீமைக்கருவேல், அங்கங்கே கரிமூட்டத்துப் புகை. திருச்சுழி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் திருமேனிநாதர் கோவிலும், ரமண மகரிஷி பிறந்த வீடும் ஞாபகம் வரும். எனக்கு இனிமேல் அந்த மாமியார் ஞாபகம்தான் வரும். திண்ணையில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் ஒரு போடு போட்டார்: "அம்மி தேஞ்சுபோனா கொத்துவோம். அம்மியையா தூக்கிப் போடுவாக?"

இந்த லாப்டாப்புகளின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த பிள்ளைகளுக்கு விலையில்லா லாப்டாப் கொடுக்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி ஆரம்பமானது. எல்காட் நிறுவனம் மூலம் வாங்கி, லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டரே அதுதான். இன்றுவரை ஒரே கம்ப்யூட்டரும் அதுதான். ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் மெமரி 2 ஜிபி. விண்டோஸ் 7 இருந்தது. பின்னால் வந்தவற்றில் 4 ஜிபியும் விண்டோஸ் 10-ம். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துபோனது. அதில் ஓடிய குரோம் உலாவியும் 2023 பிப்ரவரியோடு புதுப்பிக்கப்படுவது நின்றுவிட்டது. 'எங்கள் பழைய லாப்டாப்பில் பேங்க் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது' என்று எழுதுகிறவர்களுக்கு, காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தச் சகோதரியின் பெட்டி இரண்டாம் வகை. 4 ஜிபி, விண்டோஸ் 10. அதைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்த்தது அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளை. கரிசல் புழுதி அப்பி, பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. அணைத்து, சார்ஜரைக் கழற்றி, காய்ந்த பெயிண்ட் பிரஷால் மெதுவாகத் தட்டி எடுத்தோம். 'ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது, சூடாகிறது' என்ற குறையில் கொஞ்சம் அங்கேயே போயிற்று. உள்ளே சூடு ஏறினால் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்வது இந்தப் பெட்டிகளின் குணம். மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்து வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். காற்று போக வழி வேண்டும்.

அடுத்தது, எதைத் தொடுவதற்கும் முன்னால், நகல். கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? விதைக்கென்று எடுத்த தவசத்தைச் சாப்பிடுகிற தவசத்தோடு கொட்டி வைக்கிறோமா? குலுக்கையில் எது இருந்தாலும், விதை தனியாகச் சாம்பல் கலந்து மூடி இருக்கும். அதே மாதிரி, இந்தப் பெட்டியில் மட்டுமே இருப்பது எது, வேறு எங்கிருந்தும் திரும்பக் கிடைக்காதது எது என்று உட்கார்ந்து யோசித்து ஒரு தாளில் எழுதுங்கள். மார்க்‌ஷீட்டும் சாதிச் சான்றிதழும் தொலைந்தால் அலைந்தாவது மறுபடி வாங்கலாம். மாமனார் குரலை எந்த ஆபீசில் போய் வாங்குவது? எங்கள் தாளில் முதலில் வந்தது அந்தக் குரல். அடுத்தது குழந்தை போட்டோக்கள். மூன்றாவது குழுக் கணக்கு. பிறகு மகளின் கர்ப்பகால பிக்மி எண் இருந்த தாளின் படம், குழந்தையின் தடுப்பூசி அட்டைப் படம், பிறப்புச் சான்றிதழ்.

இரண்டு பென்டிரைவில் தனித்தனியாக எடுத்தோம். ஒன்று ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியில். மற்றொன்று அருப்புக்கோட்டையில் இருக்கும் மகளின் வீட்டில். எடுத்துவிட்டால் மட்டும் போதாது. வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ செருகி, திறந்து பார்க்க வேண்டும். பதிவைத் திறந்ததும் மாமனார் யாரையோ, "ஏலே, மாட்டைப் பிடிச்சுக் கட்டுடா" என்று அதட்டுகிறார். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை.

நகல் எடுத்த பிறகு பெட்டியைச் சோதித்தோம். விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5-ந் தேதி. முறையான விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மாறப் பணம் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கே தனியாகப் பணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெட்டிக்குச் சில தகுதிகள் வேண்டும். மெமரி 4 ஜிபி, சேமிப்பு இடம் 64 ஜிபி என்பதெல்லாம் பழைய பெட்டியிலும் இருக்கும். இடிக்கிற இடம் இரண்டு. ஒன்று, இண்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். மற்றொன்று டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு அம்சம். பூட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் சின்னப் பெட்டகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமே இதையெல்லாம் ஆராய வேண்டாம். பி.சி. ஹெல்த் செக் என்று மைக்ரோசாப்ட் இலவசமாகக் கொடுக்கும் நிரல் இருக்கிறது. கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி ஓட்டினால் முடியும், முடியாது என்று காரணத்தோடு சொல்லிவிடும்.

சகோதரியின் பெட்டிக்கு 'முடியாது' என்றுதான் வந்தது. கடைக்காரர் அந்த மட்டில் பொய் சொல்லவில்லை.

தகுதி இருக்கிறது என்று பதில் வருகிறவர்கள் மாறிவிடலாம். ஆனால் நாள் பார்த்து மாறுங்கள்! பஞ்சாங்கத்தில் அல்ல, பேப்பரில். மாதாந்தரப் பராமரிப்பு என்று காலை முதல் சாயங்காலம் வரை கரெண்ட் நிறுத்துகிற நாளா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய லாப்டாப்பில் பாட்டரி செத்திருக்கும்; நேரடிக் கரெண்டில்தான் ஓடும். மாற்றம் பாதியில் இருக்கும்போது கரெண்ட் போனால் பெட்டி திரும்ப எழுந்திருக்க மறுக்கலாம். இன்னொன்று டேட்டா. இறக்க வேண்டிய சரக்கு 5 ஜிபிக்கும் மேலே. போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி பாக்கெட் வைத்திருக்கிற வீட்டில் இது ஆகிற காரியமில்லை. பிராட்பேண்ட் இருக்கிற உறவுக்காரர் வீட்டுக்குப் பெட்டியை எடுத்துப் போங்கள். அல்லது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அங்கிருந்து ஏற்றி வரலாம். சமையல், சாப்பாடு எல்லாம் ஆனபிறகு மத்தியானம் ஆரம்பித்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அதன் பக்கம் போகவேண்டாம். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் சார்ஜர் ஒயரை உயரத்தில் கட்டி வையுங்கள். வாயில் வைக்கும், இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளும்.

மாறியபிறகு முதல் பத்து நாள் முக்கியம். பிடிக்கவில்லை, பிரிண்டர் ஓடவில்லை என்றால் பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போகும் வழி அந்தப் பத்து நாள்தான் திறந்திருக்கும். எனவே பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு நிரல் எல்லாவற்றையும் அதற்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் 11 வைக்கும்போது, சில பெட்டிகளில் தட்டு முழுவதும் தானாகவே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு வருகிறது. திருடன் கையில் சிக்கினால் நல்லது. நமக்கே சாவி தெரியாவிட்டால் ஆபத்து. 48 இலக்கமுள்ள ஒரு மீட்புச் சாவி உங்கள் கணக்கில் இருக்கும். அதைப் பார்த்துத் தாளில் எழுதி, அந்த ரேஷன் கார்டு பெட்டியில் போட்டுவிடுங்கள்.

சரி, 'முடியாது' என்று வந்த நம் சகோதரி என்ன செய்வது? விண்டோஸ் 10-க்கு வீட்டு உபயோகக்காரர்களுக்காக ஒரு வருட நீட்டிப்பு கொடுத்தார்கள். 2026 அக்டோபர் 13-ந் தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும் என்று அறிவிப்பு. 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் விவரங்களை நகல் எடுக்கச் சம்மதித்தால் பணமில்லாமலே கிடைக்கும். நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். விண்டோஸ் பொத்தானோடு 'ஆர்' எழுத்தை அழுத்தி, வருகிற கட்டத்தில் டபிள்யு-ஐ-என்-வி-இ-ஆர் என்று ஆறு எழுத்து அடித்தால் உங்கள் பதிப்பு தெரியும். 22எச்2 என்று இருந்தால்தான் இந்த நீட்டிப்பு. இங்கே அதற்கும் பழையது இருந்ததால், முதலில் அதைப் புதுப்பித்தோம். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல் நவ்' என்ற வரி வந்தது. அழுத்தினோம், முடிந்தது. செலவு, மருமகனின் போனிலிருந்து எடுத்த டேட்டாவும் இரண்டு டம்ளர் காப்பியும். அந்தத் தேதிக்கு அப்புறம் இதைப் படிக்கிறவர்கள் நேரே அடுத்த யோசனைக்கு வந்துவிடுங்கள்.

அடுத்த யோசனை அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதுதான் வேடிக்கை. அரசாங்க லாப்டாப்புகள் பலவற்றை ஸ்விட்ச் போட்டதும் சில விநாடி, எதில் போகிறாய் என்று கேட்டு இரண்டு வரி தெரியும். ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ். முதலாளி என்கிற பாஸ் இல்லை. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உண்டாக்கியது. 2007 முதல் வெளிவருகிறது. இலவசம். காலாகாலத்தில் புதிய பதிப்பு வரும், அதுவும் இலவசம். நம் வீடுகளில் அதை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'சும்மா இடத்தை அடைக்கிறது' என்று பல கடைகளில் அழித்தும் போட்டுவிட்டார்கள். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களில் வருஷக்கணக்காக லினக்ஸ்தான் ஓடுகிறது. அங்கே சின்னப் பிள்ளைகள் படிப்பதே அதில்தான். நமக்கு மட்டும் என்ன கஷ்டம்?

ஒரு எச்சரிக்கை. 2018-ல் வந்த பெட்டியில் இருக்கிற பாஸும் 2018 சரக்குதான். அதையே திறந்துகொண்டு 'நான் பத்திரமாகிவிட்டேன்' என்று உட்காரக் கூடாது. புதிய பதிப்பை இறக்கி வைக்க வேண்டும். தெரிந்த ஆள் ஒருவர் கூட இருந்தால் ஒரு மத்தியான வேலை. லினக்ஸ் வகைகள் பலவற்றைப் பெட்டியில் ஏற்றாமலே, பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். திரை தெரிகிறதா, வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்துத் திருப்தியான பிறகு ஏற்றிக்கொள்ளலாம். 2 ஜிபி உள்ள பழைய பெட்டிக்காரர்கள் கனமில்லாத லினக்ஸ் எது என்று கேட்டு அதைப் போடச் சொல்லுங்கள். விண்டோஸ் 11 பேச்சே வேண்டாம்.

எல்லாம் ஓடுமா? ஓடாது. டாலி போன்ற, விண்டோஸுக்கென்றே எழுதிய நிரல்கள் நேரடியாக ஓடாது. கைரேகைக் கருவி வைத்து இ-சேவை வேலை செய்கிறவர்கள் அவசரப்பட்டு மாறவேண்டாம். ஆனால் குழுக் கணக்கு எக்ஸெலில் இருந்தால் லிப்ரே ஆபீஸ் திறந்துவிடும். பேங்க், பிள்ளைகளின் விண்ணப்பம், யூடியூபில் சமையல், வெளிநாட்டில் இருக்கிற தம்பியோடு பேசுவது எல்லாம் பயர்பாக்ஸ் உலாவியில் ஆகிவிடும். நம்மில் பலருக்கு வேண்டியது அவ்வளவுதானே? என்னைக் கேட்டால், கணக்கு எழுதவும் போட்டோ பார்க்கவும் உள்ள பெட்டிக்கு 40,000 ரூபாய் புது விண்டோஸைவிட இந்தக் காசில்லாத பாஸ் எவ்வளவோ மேல். மகள் இரண்டு நாளில் பழகிவிட்டாள் என்று பிறகு போன் வந்தது. சகோதரிக்கு ஒரு வாரம் ஆயிற்றாம்.

எதற்கு மாறினாலும் தமிழ்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. எழுத்து. குழுவின் பழைய தீர்மானங்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அதைத் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கோழி கிளறியது போல் இருக்கும். 'போச்சு, எல்லாம் அழிஞ்சு போச்சு' என்று பதறிப்போய் அழித்துவிடாதீர்கள்! உள்ளே இருப்பது இருக்கிறது. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்துச் செய்தவை. எழுத்துருக் கோப்பையும் மற்றவற்றோடு நகல் எடுத்துப் புது இடத்தில் போட்டால் மறுபடி தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகளும் இருக்கின்றன. மாற்றிவிட்டால் எந்தப் பெட்டியிலும், போனிலும் படிக்கலாம். தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி அடிப்பதையாவது யூனிகோடில் அடியுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் தமிழ் 99 விசைப்பலகை கிடைக்கிறது.

கடைசியாகக் கடைகள் விஷயம். எல்லாக் கடைக்காரரையும் சொல்லவில்லை. நல்லவர்கள் நிறையப் பேர். ஆனால், "500 ரூபாய் கொடுங்க, தகுதி இல்லாட்டியும் விண்டோஸ் 11-ஐ ஏத்தித் தாரேன்" என்று சிலர் சொல்கிறார்கள். ஏற்ற முடியும், நிஜம்தான். ஆனால் அப்படி ஏற்றிய பெட்டிக்குத் திருத்தங்கள் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாப்டே சொல்கிறது. எந்தத் திருத்தத்துக்காக மாறுகிறோமோ அதுவே நிச்சயமில்லை என்றால் 500 ரூபாய் எதற்கு? அதோடு 'லைசென்ஸ்' என்று ஒரு திருட்டு நிரலையும் ஓட்டுவார்கள். ஓட்டுமுன் ஆன்ட்டி வைரஸை நிறுத்தச் சொல்கிறார்களா என்று பாருங்கள். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வருகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் கூடும் என்று சொன்னால், அது நல்ல யோசனை. பழைய பெட்டிக்கு நிஜமாகவே உயிர் வரும். விலையை மட்டும் இரண்டு கடையில் கேளுங்கள். 2025 கடைசியில் மெமரி வகைகள் விலை ஏற ஆரம்பித்தது. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள், அதில் உங்கள் வீடே இருக்கிறது.

லாப்டாப்பின் அடிப்பக்கம் உப்பி, மேசையில் சமமாக உட்காராமல் ஆடுகிறதா? அது பாட்டரி வீங்கியது. குழந்தை இருக்கிற அறையில் ஒரு நிமிஷம்கூட வைக்காதீர்கள். சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். கடையில் கழற்றச் சொல்லி, மின்குப்பை வாங்குகிற இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

'உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது, நாங்கள் கம்பெனியிலிருந்து பேசுகிறோம்' என்று போன் வந்தால் மறுபேச்சு வேண்டாம், வைத்துவிடுங்கள். திரை முழுக்க சைரன் சத்தத்தோடு ஒரு நம்பர் வந்து, உடனே கூப்பிடு என்று மிரட்டினாலும் கூப்பிடாதீர்கள், பெட்டியை அணைத்துவிடுங்கள். எந்தக் கம்பெனியும் இப்படி வீட்டுக்குப் போன் போட்டு, எனி டெஸ்க் மாதிரி ஒரு நிரலை இறக்கச் சொல்லிக் கேட்பதில்லை. அதை இறக்கிவிட்டால் உங்கள் திரை அவன் கையில். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் அழுதுகொண்டு உட்காராமல், உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. இந்த எண்ணை அடுப்பங்கரைக் காலண்டரில் எழுதி வைக்கச் சொன்னேன். மாமியார் கரித்துண்டு எடுத்து, கதவுக்குப் பின்னால் சுவரிலேயே எழுதிவிட்டார்.